பாறையைத் தொடாத கட்டடம்: கண்டலமவும் ஜெஃப்ரி பாவாவும்

சரிவான நிலத்தில் கட்டடம் எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டிச் சமதளம் உண்டாக்கி அதன்மேல் கட்டுவது ஒன்று. நிலத்தை இருந்தபடியே விட்டுத் தூண்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கட்டடத்தைச் சரிவின்மேல் நிறுத்துவது மற்றொன்று. முதல் வழியே பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. எந்திரங்கள் வந்தபின் அது மலிவாகவும் விரைவாகவும் முடிகிறது; சமதள நிலத்துக்கென்று வரைந்த வரைபடத்தை எங்கும் அப்படியே பயன்படுத்தவும் முடிகிறது.

அதன் விலை பின்னால்தான் தெரியவரும். பல நூறு ஆண்டுகளாகத் தன் எடையிலேயே இறுகிய மண்ணுக்கும் கொட்டி நிரப்பிய மண்ணுக்கும் உறுதி ஒன்றல்ல. வெட்டிய முகத்தைத் தாங்க எழுப்பும் சுவர், சரிவில் மண்ணுக்கடியில் இறங்கிவரும் நீரை மறிக்கிறது. வடிதுளைகள் போதாவிட்டால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கி மண்ணின் எடையைக் கூட்டுகிறது, அதன் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. மலைநாட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில், மழையில் ஊறிய மலைச்சரிவு தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசைகளின்மேல் இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எந்த நிலத்தில் கட்டலாம், எதில் கூடாது என்ற கேள்வியே கட்டடக் கலையின் முதல் கேள்வி என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

சுற்றுப்புறத்தோடு பொருந்தும் கட்டடம் என்றதும் ஓட்டுக் கூரை, மரத் தூண், மண் நிறச் சுவர் ஆகியவையே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஒரு கட்டடம் வந்தபின் மழைநீர் பழைய வழியிலேயே ஓடுகிறதா, மரங்களின் வேர்களுக்கு மண் மிஞ்சியிருக்கிறதா, காற்று தடையின்றிப் போகிறதா, வெயிலை விலக்கக் கட்டடத்தின் வடிவமே உதவுகிறதா என்பவை வேறு வகைக் கேள்விகள். இவற்றைக் கொண்டு அளந்தால், ஓடு வேய்ந்த அழகிய வீடு தோற்கவும் தட்டைக் கூரையிட்ட கான்கிரீட் கட்டடம் வெல்லவும் கூடும். இலங்கையின் கண்டலம ஓட்டல் அந்த இரண்டாவது வகை.

தம்புள்ளைக்கு அருகே, கண்டலமக் குளத்தின் கரையில் எழும் பாறைத்தொடரை ஒட்டி அந்த ஓட்டல் நிற்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1991இல் அதன் வடிவமைப்பைத் தொடங்கினார். 1994இல் அது திறக்கப்பட்டது. உரிமையாளர்கள் முதலில் காட்டிய இடம் சிகிரியாக் குன்றுக்கு அருகில் இருந்தது. பாவா அதை ஏற்கவில்லை. மக்கள் எதைக் காண வருகிறார்களோ அதன் காலடியிலேயே பெரிய விடுதி ஒன்றை எழுப்பினால் அந்தக் காட்சியே கெடும். குளத்துக்கு இப்பால், சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், சிகிரியா நீருக்கு அப்பால் சிறு உருவமாகத் தெரியும் இடத்தை அவர் தேர்ந்தார். கட்டடத்தின் எந்த நுணுக்கத்தையும்விட இந்த மறுப்பே பெரிய வடிவமைப்பு முடிவு எனலாம்.

அந்த இடத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. குளத்து நீரைக் கழிவு கெடுக்கும், காடு அழியும், தம்புள்ளைக் குகைக்கோயிலின் சூழல் குலையும் என்று பிக்குகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் போராடினர். அந்த அச்சங்களில் நியாயம் இருந்தது. உலர் வலயத்தில் குளம் என்பது காட்சிப் பொருளன்று. வயலுக்குப் பாய்வதும் ஊரார் குளிப்பதும் மாடு குடிப்பதும் அந்த நீரே. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே பாய்ச்சும் ஏற்பாடு அந்த ஓட்டலில் பின்னர் பேர்பெற்ற ஒன்றாக ஆயிற்று. 2000ஆம் ஆண்டு அது அமெரிக்காவின் லீட் பசுமைக் கட்டடச் சான்றைப் பெற்றது. எதிர்த்தவர்கள் அத்தனை உரக்கப் பேசியிராவிட்டால் இவ்வளவு கவனம் எடுக்கப்பட்டிருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

கட்டடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பாறையிலிருந்து தொடங்க வேண்டும். பாறைமுகம் ஒரே நேர்கோட்டில் இல்லை. முன்னால் துருத்துகிறது, பின்வாங்குகிறது, திரும்புகிறது. கட்டடம் அந்த வளைவுகளை ஒட்டி இரு சிறகுகளாக நீள்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அறைகள் 150க்குச் சற்று அதிகம். சில இடங்களில் ஏழு தளங்கள்வரை உயர்ந்தாலும் பின்னாலுள்ள பாறை அதைவிடப் பெரியது. இத்தனை அறைகளை ஒரே கோபுரமாக அடுக்கியிருந்தால் குளத்தின் எந்தக் கரையில் நின்றாலும் அதுவே கண்ணில் பட்டிருக்கும். நீட்டிப் படரவிட்டதால் கட்டடம் பாறையின் ஓர் அடுக்குபோல் ஆகிவிட்டது.

அடியில் நடப்பது இன்னும் முக்கியமானது. கான்கிரீட் தூண்கள் கட்டடத்தைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்துகின்றன. வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது பாறையில் விழும் நீர் எங்கும் உறிஞ்சப்படாமல் வேகமாக வழிந்து இறங்கும். பாறை நிலத்தின் இயல்பு அது. அந்த நீர் கட்டடத்தின் அடியில் புகுந்து, பழைய ஓட்டத்திலேயே குளத்துக்குச் சேர்கிறது. சுவரை எழுப்பி மறிக்கவில்லை, குழாயில் அடைத்துத் திருப்பவும் இல்லை. உருண்டைப் பாறைகள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. சில தாழ்வாரங்களுக்குள்ளும் நுழைந்திருக்கின்றன. ஊர்வனவும் சிறு விலங்குகளும் காட்டிலிருந்து குளத்துக்குப் போகும் வழி அடைபடவில்லை.

திசையின் கணக்கும் கவனிக்கத்தக்கது. அறைகள் வடக்கே குளத்தைப் பார்த்திருக்கின்றன. தாழ்வாரங்கள் பாறைப் பக்கம். அந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்திருப்பதால் பாறையும் கட்டடத்தின் பின்புறமுமே அதை ஏற்கின்றன. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் வடக்கே சாயும். அப்போதும் உச்சிப்பொழுதில் அது ஏறத்தாழ தலைக்கு நேரே நிற்பதால், கொஞ்சம் நீட்டிய தளமும் மரச்சட்டத் தட்டியும் அறைக்குள் வெயில் விழாமல் காக்கப் போதும். காட்சிக்கு உகந்த திசையும் வெயிலுக்கு உகந்த திசையும் ஒன்றாக அமைவது அபூர்வம். இங்கே அது தற்செயலாக வாய்க்கவில்லை. இடத்தைத் தேர்ந்தபோதே கணக்கில் வந்தது.

தாழ்வாரங்களுக்குச் சுவரும் கண்ணாடியும் இல்லை. கட்டடத்துக்கும் பாறைக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் நிழல் எப்போதும் இருக்கிறது. பாறையில் கசியும் ஈரம் ஆவியாகிறது. சோழகம் வீசும் மாதங்களில் அந்த வெளி வழியே காற்று இழுக்கப்படுகிறது. வரவேற்புக் கூடம், படிக்கட்டுகள், நடைவழிகள் எல்லாம் இயற்கைக் காற்றிலேயே இயங்குகின்றன. படுக்கையறைகளுக்குக் குளிர்சாதனம் உண்டு. ஆனால் ஓர் ஓட்டலின் பரப்பில் பெரும்பங்கு நடைவழிகளும் பொதுக்கூடங்களும்தான். அவற்றைக் குளிரூட்டாமல் விட்டாலே மின்தேவை வெகுவாகக் குறைகிறது.

உள்ளே வரும் வழியில் பாவாவின் நாடக உணர்வு வெளிப்படுகிறது. காட்டு வழியாக ஏறிவரும் பாதை, குகைவாய் போன்ற முகப்பில் முடிகிறது. அங்கிருந்து பாறையை ஒட்டி வளையும் நடைவழி. குளம் அதுவரை கண்ணில் படாது. வளைவு முடிந்ததும் கூடம் திறக்கிறது. நீச்சல் குளத்தின் விளிம்பும் அப்பாலுள்ள ஏரிப்பரப்பும் ஒரே நீராகத் தெரிகின்றன. படிக்கட்டின்மேல் லக்கி சேனநாயக்க வடித்த பெரிய ஆந்தைச் சிற்பம் சிறகை விரித்து நிற்கிறது. கட்டடத்தில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. வெளிச்சட்டகத்தில் படர்ந்த கொடிகளும் தட்டைக் கூரைமேல் வளர்ந்த செடிகளும் ஆண்டுக்காண்டு அதை மூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஓட்டுக் கூரைகளுக்குப் பேர்போன பாவா இங்கே ஓட்டையே தொடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பாறையின் உச்சிக்கோடு கிடைமட்டமாக ஓடுகிறது. சாய்கூரை அங்கே அந்நியமாகத் தெரிந்திருக்கும்.

இந்த முதிர்ச்சி அவருக்கு ஒரே நாளில் வரவில்லை. 1919இல் கொழும்பில் பிறந்த பாவா, கேம்பிரிட்ஜில் படித்து முதலில் வழக்கறிஞரானவர். 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்கு அருகே, தெதுவ நீர்ப்பரப்பை ஒட்டிய பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கி அதற்கு லுனுகங்க என்று பெயரிட்டார். அதைத் தோட்டமாக மாற்றத் தமக்குத் தொழிலறிவு போதவில்லை என்று உணர்ந்தபின்தான் லண்டனில் கட்டடக் கலை படித்து, 1957இல், 38ஆம் வயதில் தேறினார். கட்டடத்துக்கு முன்னால் நிலத்தைக் கையாளப் பழகியவர் என்பது அவர் பணிகள் அனைத்திலும் தெரிகிறது. லுனுகங்கவில் அவர் அரை நூற்றாண்டு காலம் மரக்கிளைகளை வளைத்தும் மேட்டைத் தாழ்த்தியும் காட்சிகளைத் திறந்தும் மூடியும் சோதித்துக்கொண்டே இருந்தார். அங்கே நிலம் மாற்றப்பட்டது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நிலம் எப்படிப் பதில் சொல்கிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்தபின்பே அடுத்த மாற்றம் செய்யப்பட்டது.

கண்டலமவின் நேரடி முன்னோடி பொலொன்தலாவ. நிக்கவெரட்டிய பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்தில் 1963 முதல் 1965 வரை பாவாவும் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னரும் சேர்ந்து அமைத்த பங்களா அது. பெரும் பாறைகள் சிதறிக் கிடந்த இடம். வேறு எவராக இருந்தாலும் வெடிவைத்து நீக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அந்தப் பாறைகளையே சுவர்களாகக் கொண்டு, உத்திரங்களை அவற்றின்மேல் ஏற்றி, நடுவே வாழும் இடத்தை அமைத்தார்கள். மேசையில் வரைந்த படத்தைவிட, அங்கேயே குச்சி நட்டுக் கயிறு கட்டி வகுத்த கோடுகளே வீட்டின் உருவத்தைத் தீர்மானித்தன.

அந்த அணுகுமுறைக்கு இலங்கை மண்ணில் மிகப் பழைய வேர் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அரசிருக்கையாக்கிய சிகிரியாவின் அடிவாரத்தில் ஒரு பாறைத் தோட்டம் இருக்கிறது. உருண்டைப் பாறைகளின் உச்சியிலும் பக்கங்களிலும் செங்கல் சுவரைப் பிடித்து நிறுத்தச் செதுக்கிய படித்தழும்புகள் இன்றும் தெரிகின்றன. அதற்கும் முந்திய பௌத்தத் துறவிகளின் குகைகளில், பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தடைபட்டுச் சொட்டி வெளியே விழும். உள்ளே படுத்திருப்பவர்மேல் வழியாது. மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம் முதலிய குன்றுகளின் சமணப் படுக்கைகளுக்கு மேலும், தமிழி எழுத்துகளுக்கு அருகே, இதே காடியைக் காணலாம். குடைந்து பெரிதாக்காமல், சுவர் எழுப்பாமல், விரலளவு உளிவேலையால் ஒரு பாறையை வீடாக்கிய அந்த அறிவு பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவானது. நிலத்தில் செய்யும் மிகச் சிறிய மாற்றத்தால் மிகப் பெரிய பயனைப் பெறுவதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மாத்தறைக்கு அருகே 1980களில் எழுந்த ருகுணு பல்கலைக்கழகத்தில் பாவா அதே சிக்கலைப் பெரிய அளவில் எதிர்கொண்டார். ஏறத்தாழ 50 தனித்தனிக் கட்டடங்களை, கடலைப் பார்த்த குன்றுகளின்மேல் பரப்பி, கூரையிட்ட நடைவழிகளால் இணைத்தார். கட்டடங்களின் கோணங்கள் ஒழுங்கானவை; உயரங்கள் மட்டும் சரிவுக்கேற்ப ஏறி இறங்குகின்றன. கோடு வளையாவிட்டாலும் கட்டடம் நிலத்துக்கு இசையலாம் என்பதை அது காட்டுகிறது.

கோட்டேயிலுள்ள நாடாளுமன்றம் வேறு கதை. 1979இல் தொடங்கி 1982இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்காக, கொழும்பின் புறத்தே இருந்த சதுப்பு நிலம் தோண்டப்பட்டு ஏரியாக்கப்பட்டது. செம்புக் கூரைகள் நீரின் நடுவே எழும் காட்சி கம்பீரமானது. அகழி சூழ்ந்த பழைய கோட்டே நகரின் நினைவையும் அது எழுப்புகிறது. ஆயினும் சதுப்பும் ஏரியும் ஒன்றல்ல. சதுப்பு மழைவெள்ளத்தை உறிஞ்சி மெல்ல விடும், நாணலும் சேறும் நீரை வடிகட்டும். திறந்த ஏரி அந்த வேலைகளை அதே அளவில் செய்யாது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட பிறகு, நகரைச் சுற்றி எஞ்சிய சதுப்புகளின் மதிப்பு இன்னும் தெளிவாகப் பேசப்படுகிறது. காட்சியாகப் பொருந்துவதும் நீரியலாகப் பொருந்துவதும் வெவ்வேறு என்பது ஒரே கலைஞரின் இரு படைப்புகளை அடுத்தடுத்து வைத்தால் விளங்கும்.

இந்த வேறுபாட்டை உலகப் புகழ்பெற்ற இன்னொரு கட்டடமும் உணர்த்துகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பேர் ரன் என்னும் ஓடையின் அருவிமேல் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935இல் வடிவமைத்த ‘ஃபாலிங்வாட்டர்’ வீடு அது. வீட்டுக்காரர் அருவியைப் பார்த்தபடி வீடு இருக்கும் என்று எண்ணியிருந்தார்; ரைட் அருவியின்மேலேயே வைத்தார். அதே நிலத்தில் வெட்டிய மணற்கல், அடுப்படியில் அகற்றாமல் விட்ட பாறை, ஓடைக்குமேல் நீண்டு நிற்கும் கான்கிரீட் மேடைகள் ஆகியவற்றின் அழகு மறுக்க முடியாதது. ஆனால் அந்த மேடைகள் கட்டும்போதே தாழத் தொடங்கின. காலப்போக்கில் வாழ்கூடத்தின் மேடை முனை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் இறங்கி, 2002இல் இழுவிசைக் கம்பிவடங்கள் பூட்டி நிலைப்படுத்தப்பட்டது. நீர்க்கசிவும் ஈரமும் வீட்டை விட்டதே இல்லை. ஓடையின்மேல் அமர்ந்த வீட்டுக்கு ஈரம் புதிதாக வந்த பகையல்ல; அதன் இருப்பிடத்தோடு வந்தது. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகியுள்ள அந்த வீடு, இத்தனை பேணுதலை ஏற்க ஓர் அறக்கட்டளை இருப்பதால் நிற்கிறது. சாதாரணக் குடும்பத்தால் அதைத் தாங்க இயலாது.

கண்டலமவின்மேல் வைக்கத்தக்க வலுவான ஆட்சேபணை அதன் பொருள் பற்றியது. அது முழுக்கக் கான்கிரீட். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டு செய்யும்போது எரிபொருளிலிருந்தும் கல்லிலிருந்தும் கரியமிலவாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமிலவாயு வெளியீட்டில் சிமெண்டின் பங்கு 7 முதல் 8 விழுக்காடு. காட்டின் நடுவே கான்கிரீட்டை வைத்துக் கொடியால் மூடினால் அந்தக் கணக்கு மறைந்துவிடாது. பாவாவுக்குச் சாதகமாகச் சொல்லத்தக்கது ஒன்று: பாறையில் ஆங்காங்கே ஊன்றி, இடையில் நிலத்தைத் தொடாமல் தாண்டிச் செல்ல அன்று அந்த உயரத்துக்குக் கான்கிரீட்டும் எஃகுமே இருந்தன. நிலத்தைக் காக்கப் பொருளில் விட்டுக்கொடுத்த கட்டடம் என்று அதைக் கூறலாம்.

பொருளின் பக்கத்திலிருந்து தொடங்கியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007). கட்டுமானப் பொருள்கள் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி தம்மிடம் கூறியதாக அவர் சொல்வதுண்டு. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் அவர் சுவர்களை வளைத்து மரங்களைக் காத்தார். சரிவைச் சமன்செய்யாமல் கட்டடங்களைப் படிப்படியாக இறக்கினார். எலிப்பொறிக் கட்டு என்னும் முறையில் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் காற்றிடைவெளி விட்டதால், செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிஞ்சியது. சுவர் வழியே வெப்பம் இறங்குவதும் குறைந்தது. சன்னல்களுக்குப் பதில் பல இடங்களில் துளைச்சுவர். பூச்சு வேலை இல்லை. பாவாவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களும் அரசும். பேக்கர் மீனவருக்கும் ஏழைகளுக்கும் கட்டியவர். நிலத்தோடு இசைந்து கட்டுவது பணக்காரரின் விருப்பம் என்ற எண்ணத்துக்கு அவருடைய வீடுகள் தக்க மறுமொழி. சரிவை வெட்டாமல் விடுவதும் மரத்தைச் சுற்றிக் கட்டுவதும் செலவைக் குறைத்தன என்பதை அவர் கட்டியே காட்டினார்.

பாவா, பேக்கர் இருவரும் வேறு பல விஷயங்களில் விலகினாலும் வேலையைத் தொடங்கும் முறையில் ஒன்றுபட்டார்கள். இடத்தை நடந்து பார்க்காமல் கோடு போடவில்லை. பாவாவின் அலுவலக வரைபடங்களில் ஒவ்வொரு மரமும் பாறையும் தன் இடத்தில், தன் உருவத்தோடு வரையப்பட்டிருக்கும். வழக்கமான மனைப்படத்தில் எல்லைக்கோடும் சாலையும்தான் இருக்கும்; மரம் இல்லாத படத்தைப் பார்த்து வேலை செய்பவர் மரத்தை வெட்டச் சொல்வதில் வியப்பில்லை. ஆகவே சமவுயரக் கோடுகள், பெருமரங்களின் அடியும் கவிகையும், மழைநீர் ஓடும் தடங்கள், பாறை வெளித்தெரியும் இடங்கள், கோடையிலும் மாரியிலும் காற்று வரும் திசை ஆகியவற்றைக் குறித்த அளவைப்படமே இவ்வகை வடிவமைப்பின் முதல் ஆவணம். ஒரு முழு மழைக்காலத்தைப் பார்த்தபின் அதை முடிப்பது சிறந்தது. வறண்ட மாதத்தில் பார்த்த நிலம் தன் நீர்வழியைக் காட்டாது.

கண்டலமவுக்குப் பின் ஆசியாவெங்கும் எழுந்த ஓட்டல்கள் அதன் விளிம்பில்லா நீச்சல் குளத்தையும் கொடி மூடிய முகப்பையும் விரும்பி எடுத்துக்கொண்டன. தூணின்மேல் நிறுத்தி நீரை அடியில் விடுவதை எடுத்துக்கொண்டவை குறைவு. சரிவைச் சமன்செய்து, அடைத்த கண்ணாடிப் பெட்டியாகக் கட்டி, முகப்பில் மட்டும் தொட்டிச் செடிகளைத் தொங்கவிட்டால் அது வேறு வகைக் கட்டடம். அந்தச் செடிகளுக்கு ஊற்றும் நீரும் ஓட்டும் மோட்டாரும் சேர்ந்து கூடுதல் சுமையாகவே முடிகின்றன. கண்டலமவின் கொடிகள் நல்ல அளவுக்குத் தரையிலிருந்து ஏறியவை.

பேணுதல் பற்றி வடிவமைப்பு நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. மண் பரப்பிய தட்டைக் கூரையில் நீர்க்காப்புப் படலம் பழுதானால் மண் முழுவதையும் அள்ளிய பிறகே சரிசெய்ய இயலும். கொடியின் வேர் சிறு விரிசலைப் பெரிதாக்கும். தூண்களைச் சுற்றிய ஈரம் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். குரங்கும் எறும்பும் வௌவாலும் திறந்த தாழ்வாரத்துக்கு உரிமையோடு வரும். கொடிகளைப் பருவந்தோறும் கத்தரிப்பது, தூண்களில் விரிசலைச் சோதிப்பது, மழை தொடங்குமுன் கட்டடத்தின் அடியிலுள்ள நீர்த்தடங்களில் சேர்ந்த சருகை அள்ளுவது ஆகியவை ஆண்டுச் செலவில் எழுதப்பட வேண்டியவை. வரைபடங்களை ஒப்படைக்கும்போதே இந்தப் பட்டியலையும் அதற்கான தொகையையும் சேர்த்துக் கொடுப்பது கட்டடக் கலைஞரின் பொறுப்பு.